முப்பத்தொன்பது பலகைகளும் எர்ல் ஆன்டனியும்

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, இந்த வருஷம் நீ பேசுற. அரசியல், சினிமா வேண்டாம். யாராவது ஒரு சாதனையாளரோட வாழ்க்கையைச் சொல்லு, பசங்களுக்கு உபயோகமா இருக்கட்டும்" என்றார். "ஒரு சாம்பியன் பௌலரைப் பற்றிப் பேசுறேன் அண்ணே" என்றேன். "பிரமாதம்! வேகமா, சுழலா?" என்று கேட்டார். அண்ணன் மேல் தப்பே இல்லை. நம் ஊரில் பௌலர் என்றால் அந்தக் கேள்விதான் வரும். ஆனால் நான் சொல்ல வந்தவர் கையில் கிரிக்கெட் பந்து இருந்ததில்லை. அவர் டென்பின் பௌலிங் ஆடியவர். அமெரிக்கர். பெயர் எர்ல் ஆன்டனி. கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி, ஒட்ட வெட்டிய தலைமுடி. போட்டோவைப் பார்த்தால் டிராயிங் ஹாலில் நம் ஷீட்டை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் கோட்டின் தடிமனைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டர் மாதிரி இருப்பார்.

தலைமுடி நீளமாக வளர்த்துத் திரிந்த 1970-களில் இப்படி ஒரு தோற்றம். அதனால் அவருக்கு 'ஸ்கொயர் எர்ல்' என்று பட்டப்பெயர். பழைய பஞ்சாங்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மால்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். வாடகை ஷூ மாட்டிக்கொண்டு, பந்தை இரண்டு கையாலும் தூக்கித் தொப்பென்று போட்டு, அது பக்கத்துக் கால்வாயில் விழுந்ததும் சிரித்துவிட்டு வருவோம். அதே ஆட்டம்தான். பந்து அதிகபட்சம் 16 பவுண்டு, அதாவது சுமார் 7.26 கிலோ. நம் கல்லூரி விளையாட்டு விழாவில் ஆண்கள் எறியும் இரும்புக் குண்டின் எடையும் அதுவே. தடத்தின் நீளம், கோட்டிலிருந்து முதல் கட்டை வரை, 60 அடி. கட்டைகள் பத்து, முக்கோணமாக நிற்கும், ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம். அவர்கள் அதைப் 'பின்' என்பார்கள். தமிழில் பின் என்றால் அப்புறம் என்றும் ஆகிவிடும் என்பதால் நான் கட்டை என்றே சொல்கிறேன்.

மொத்தம் பத்துச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை உருட்டலாம். முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்டிரைக். அதற்கு 10 மார்க்கோடு, அடுத்த இரண்டு பந்தில் விழுவதும் சேரும். இரண்டாவது பந்தில் மீதியை விழ வைத்தால் ஸ்பேர், அதற்கு அடுத்த ஒரு பந்து சேரும். தொடர்ந்து பன்னிரண்டு ஸ்டிரைக் போட்டால் 300. அதற்கு மேல் மார்க் கிடையாது. நம் யுனிவர்சிட்டி பேப்பர் மாதிரி, சென்டம் எடுக்கலாம், எடுத்தவர்களும் உண்டு, ஆனால் நமக்குத் தெரிந்தவர்கள் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

இனி மெக்கானிக்கல் ஆட்களுக்கான பகுதி. மற்றத் துறைக்காரர்கள் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். தடத்தின் குறுக்கே 39 பலகைகள். ஒரு பலகையின் அகலம் ஏறக்குறைய 27 மில்லிமீட்டர். 60 அடி என்பது 18.3 மீட்டர். ஒரு பலகை தவறினால் கோணத்தில் எவ்வளவு தவறு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டிகிரியைப் பன்னிரண்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அந்த அளவு கை பிசகினால், முதல் கட்டைக்கும் அதன் பக்கத்துக் கட்டைக்கும் நடுவே நுழைய வேண்டிய பந்து முதல் கட்டையில் நேராக மோதும், அல்லது தள்ளிப் போகும். நேராக மோதினால் எல்லாம் விழும் என்று நாம் நினைப்போம். அப்படி மோதினால்தான் நடுவில் பெரிய சந்து விழுந்து இரண்டு ஓரத்திலும் கட்டைகள் நிற்கும். அதை எடுப்பது பெரும்பாடு.

நல்ல ஸ்டிரைக்கில் பந்து தொடுவது நான்கே நான்கு கட்டைகளை. மீதி ஆறையும் கட்டைகளே ஒன்றை ஒன்று தள்ளி விழ வைக்கின்றன. அதற்குப் பந்து சுமார் 6 டிகிரி சாய்வில் உள்ளே வர வேண்டும். தடத்தின் ஓரத்திலிருந்து நேர்கோட்டில் உருட்டினால் 2 டிகிரி கூடக் கிடைக்காது. ஆகவே பந்தைச் சுழற்றிவிட்டு, கடைசியில் அது வளைந்து உள்ளே வரும்படி செய்கிறார்கள். வளைய உராய்வு வேண்டும். ஆனால் தடத்தின் முன்பகுதியில் எண்ணெய் பூசியிருக்கும். பந்து அங்கே சறுக்கும், எண்ணெய் தாண்டியதும் பிடித்து வளையும். ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் எண்ணெயைத் துடைத்துக்கொண்டோ, முன்னால் இழுத்துக்கொண்டோ போகும். காலையில் சரியாக வளைந்த பந்து மத்தியானம் அதே இடத்தில் அதே மாதிரி வளையாது. கண்ணுக்குத் தெரியாமல் தடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆட்டத்தின் கஷ்டம் முழுக்க இதில்தான் இருக்கிறது. நம் ஊர் மாலில் இதெல்லாம் தெரியாமலே சந்தோஷமாக ஆடிவிட்டு வருகிறோம், அதுவும் நல்லதுதான்.

எனக்கு இந்த ஆள் எப்படி அறிமுகம் என்று கேட்பீர்கள். சில வருடம் முன்பு கம்பெனி வேலையாகப் பத்து மாதம் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் டொலீடோ நகரில் இருந்தேன். கார் பாகங்கள் செய்யும் ஊர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்காது. எங்கள் ஆய்வகத்தில் ரிட்டயர் ஆகப் போகிற பெரியவர் ஒருவர், வியாழக்கிழமை தோறும் பௌலிங் லீக் ஆடுபவர், "ரூமில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய்" என்று கூட்டிக்கொண்டு போனார். என் முதல் பந்து எங்கே போயிற்று என்பதைச் சபையில் சொல்ல வேண்டியதில்லை. அவர்தான் சொன்னார், "எங்கள் ஊரில்தான் எர்ல் ஆன்டனி மில்லியன் டாலரைத் தொட்டார்" என்று. நம்மவர்கள் சேப்பாக்கத்தைச் சொல்வது போல அவர் அதைச் சொன்னார். அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன், பழைய டிவி ஆட்டங்களைப் பார்த்தேன்.

எர்ல் ஆன்டனி பிறந்தது 1938 ஏப்ரல் 27. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலம், வளர்ந்தது டகோமா. இடது கைக்காரர். அவருக்கு ஆசை பேஸ்பாலில் பந்து எறிபவர் ஆக வேண்டும் என்பது. விமானப் படையில் இருந்து வந்த பிறகு அதற்கு முயற்சியும் செய்தார். காயம் பட்டது, அந்தக் கதவு மூடிக்கொண்டது. பௌலிங் பக்கம் அவர் வந்ததே 21 வயதில். சாம்பியன்கள் என்றால் ஐந்து வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போயிருப்பார்கள் என்று படித்துப் படித்து நமக்குப் பழகிவிட்டது. இவர் நாம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டும் வயதில் ஆரம்பித்திருக்கிறார்.

1958-ல் அங்கே தொழில்முறை பௌலர்கள் சங்கம் தொடங்கியிருந்தது. ஊர் ஊராகப் போய்ப் போட்டி, பரிசுப் பணம், சனிக்கிழமை மத்தியானம் டிவியில் நேரடி ஒளிபரப்பு. 1963-ல் ஆன்டனி அதில் சேர்ந்தார். சில போட்டிகள் ஆடினார். தேறவில்லை. ஊர் திரும்பினார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். இவரைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்.

மேடைப் பேச்சுகளில் இந்த இடம் வந்தால், "ஆனால் அவர் தன்னம்பிக்கையை இழக்கவில்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு, அடுத்த வரியிலேயே ஆளைச் சாம்பியன் ஆக்கிவிடுவார்கள். நடந்தது அப்படி இல்லை. அவர் தோற்றதற்குச் சதி காரணம் இல்லை, அதிர்ஷ்டம் காரணம் இல்லை. அன்றைக்கு அவர் போதுமான ஆட்டக்காரர் இல்லை, அவ்வளவுதான். ஊருக்குப் போய் மளிகைப் பொருள் மொத்தக் கிடங்கில் வேலை பார்த்தார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மூட்டைகளை, பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை. மீதி நேரத்தில் உள்ளூரில் பந்து உருட்டினார். ஆறேழு வருடம். பேப்பரில் பெயர் வராது, டிவியில் முகம் வராது. அந்த ஆறேழு வருடத்தைப் பற்றி எழுதியவர்களும் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் எழுத ஒன்றும் நடக்கவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், உருட்டினார்.

நம் கல்லூரியில் பைனல் இயர் முடித்துவிட்டு, கையில் ஆர்டர் இல்லாமல் பெட்டியோடு பஸ் ஏறினவர்கள் இந்த ஹாலில் நிறையப் பேர் உண்டு. நானும் ஒருவன். என் மாமாவின் லேத் பட்டறையில் ஒன்றரை வருடம் இருந்தேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் "என்ன தம்பி, இன்ஜினியரிங் முடிச்சிட்டு இங்கயா?" என்று கேட்பார்கள். ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் பிடித்து அளந்துகொண்டே "ஆமாங்க" என்பேன். அந்த ஒன்றரை வருடமே எனக்கு அவ்வளவு நீளமாக இருந்தது. ஆன்டனிக்கு ஆறேழு வருடம், கல்யாண வயது, குடும்ப வயது. அந்த வருடங்களை வீணாய்ப் போனவை என்று நான் எண்ணவில்லை. வனவாசம், தவம் என்று பெரிய வார்த்தையும் போட மாட்டேன். சம்பளம் வாங்கினார், கையைப் பழக்கினார்.

திரும்பி வந்த கையோடு, 1970-ல் தன் சொந்த மாநிலத்தில், சியாட்டில் நகரில் நடந்த போட்டியில் முதல் பட்டம். வயது 32. அதற்குப் பிறகு நடந்ததைப் பட்டியலாகப் படித்தால் உங்களுக்குக் கொட்டாவி வரும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1973, 74, 75 மூன்று வருடமும் தேசிய சாம்பியன். 1974, 75, 76 மூன்று வருடமும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். 1974-ல் சாம்பியன்களுக்கு மட்டுமான போட்டியிலும் பட்டம். 1975-ல் ஒரே வருடத்தில் ஏழு பட்டங்கள், பரிசுப் பணம் 1,07,585 டாலர். ஒரே சீசனில் ஒரு லட்சம் டாலர் தாண்டிய முதல் பௌலர் அவர்தான்.

டிவி போட்டியின் அமைப்பைச் சொன்னால்தான் இதன் கனம் தெரியும். வாரம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆடி, கடைசியில் ஐந்து பேர் டிவிக்கு வருவார்கள். ஐந்தாமவரும் நான்காமவரும் மோத வேண்டும், ஜெயித்தவர் மூன்றாமவரோடு, இப்படி ஏணிப்படி போல ஏறிப் போக வேண்டும். முதலாமவர் ஒரே ஆட்டம் ஆடினால் போதும். ஆனால் அந்த ஒரு ஆட்டம் வரை அவர் காத்திருக்க வேண்டும், இதற்குள் மற்றவர்கள் ஆடி ஆடித் தடத்தின் எண்ணெயை மாற்றிவிட்டிருப்பார்கள்.

இங்கேதான் ஆன்டனி மீது ஒரு புகார் வந்தது. புகாரில் நியாயமும் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். உலகத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வலது கைக்காரர்கள். அவர்கள் எல்லாரும் தடத்தின் வலது பக்கத்திலேயே உருட்டி உருட்டி அங்கே எண்ணெயைக் கலைத்துவிடுவார்கள். இடது பக்கம் போக்குவரத்துக் குறைவு, ஞாயிற்றுக்கிழமைக் காலை நேரத்து ரோடு மாதிரி. அங்கே ஆடுகிறவருக்குத் தடம் அவ்வளவு சீக்கிரம் மாறாது. "அவர் வேறு தடத்தில் ஆடுகிறார், நாங்கள் வேறு தடத்தில் ஆடுகிறோம்" என்பது வலது கைக்காரர்களின் குறை. இயற்பியல் அவர்கள் பக்கம்தான். ஆனால் அந்தக் காலத்தில் இடது கைக்காரர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. டேவ் டேவிஸ், ஜானி பெட்ராலியா இருவருமே இடது கைக்காரர்கள், இருவருமே பெரிய சாம்பியன்கள். அதே காலியான ரோட்டில்தான் அவர்களும் ஓட்டினார்கள். ஆன்டனி சேர்த்த பட்டங்கள் அவர்களுக்கு எட்டவில்லை.

அப்படியென்றால் மிச்சம் இருப்பது என்ன? என் வேலை கியர் தொழிற்சாலையில் தர ஆய்வு. எங்களிடம் ஒரு கருவி புதிதாக வந்தால் முதலில் செய்கிற சோதனை, ஒரே பாகத்தை ஒரே ஆள் பத்து முறை அளக்க வேண்டும். பத்து முறையும் ஒரே அளவு காட்டினால்தான் அந்தக் கருவியை நம்பலாம். ரிப்பீட்டபிலிட்டி என்போம். கருவி தானே ஆடிக்கொண்டிருந்தால், அளவு மாறியது பாகத்தாலா கருவியாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆன்டனியின் கை அந்த மாதிரி ஒரு கருவி. பழைய ஒளிப்பதிவுகளைப் பாருங்கள். முதல் பந்துக்கும் இருபதாவது பந்துக்கும் நடையில் வித்தியாசம் தெரியாது, கை ஊசலில் வித்தியாசம் தெரியாது, முகத்தில் சுத்தமாகவே தெரியாது. அதனால் பந்து ஒரு பலகை தள்ளிப் போனால், மாறியது தடம் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிடும். அரைப் பலகை நகர்ந்து நிற்பார், அடுத்த பந்து சரியாக இருக்கும். மற்றவர்களுக்கு, "நான் தப்பா, தடம் தப்பா" என்ற விசாரணையிலேயே நான்கு சுற்று போய்விடும். 'டூம்ஸ்டே ஸ்ட்ரோக்கிங் மெஷின்' என்று அவருக்கு இன்னொரு பட்டப்பெயர் வைத்தார்கள். ஊழிக்கால இயந்திரம் என்று கூட்டியே மொழிபெயர்க்கலாம். பாராட்டா, வயிற்றெரிச்சலா என்று சொல்ல முடியாத பெயர்.

இடையில் கெமிக்கல் நண்பர்களுக்காக ஒரு செய்தி. 1973-ல் டான் மெக்யூன் என்ற ஆட்டக்காரர், பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோனில் ஊறப் போட்டு மேல்பரப்பை மென்மையாக்கி, அது தடத்தைக் கவ்விப் பிடிக்கும்படி செய்து, அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஆறு பட்டம் ஜெயித்தார். ஊறுகாய் போடுகிற மாதிரி பக்கெட்டில் பந்து! பிறகு, பந்து இவ்வளவு கடினமாக இருந்தே ஆக வேண்டும் என்று விதியே கொண்டுவந்தார்கள். விதி வருவதற்குள் அவர் ஜெயித்துவிட்டார், அதைத் திருப்பி வாங்க முடியாது.

1978. ஆன்டனிக்கு நாற்பது வயது. அந்த வருடம் சாம்பியன்கள் போட்டியை இரண்டாவது முறையாக ஜெயித்தார். சில வாரம் கழித்து மாரடைப்பு. உயிர் பிழைத்து எழுந்து, மறுபடி ஆட வந்தார். ஆனால் அதற்குள் காலம் இன்னொருவர் பக்கம் சாய்ந்திருந்தது. மார்க் ராத், நியூயார்க்கின் புரூக்ளின் பையன், ஆன்டனியைவிடப் பதின்மூன்று வயது சிறியவர். பந்தை அசுர வேகத்தில் சுழற்றி, தடத்தின் குறுக்கே பெரிய வளைவாக எறிந்து, கட்டைகளைச் சிதறடிக்கிறவர். 1978-ல் எட்டுப் பட்டம் எடுத்து ஆன்டனியின் ஏழு என்ற சாதனையை முறியடித்தார். 1977, 78, 79 மூன்று வருடமும் சிறந்த ஆட்டக்காரர் ராத்தான். பார்க்கவும் ராத் ஆட்டம்தான் அழகு. நான் மறுக்கவில்லை. ஆன்டனி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ராத் ஆட்டத்தைப் பார்த்தால், அரசாங்க பஸ்ஸிலிருந்து இறங்கி புல்லட்டில் ஏறினது போல இருக்கும்.

நாற்பது வயது, மாரடைப்பு, எதிரில் இந்தப் புதுப் பாணி. நம்மில் யாராக இருந்தாலும் இரண்டில் ஒன்று செய்திருப்போம். ஒன்று, நாமும் அந்த மாதிரி சுழற்றிப் பார்த்துத் தோளைக் கெடுத்துக்கொள்வோம். இல்லையென்றால், இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஆட்டமே தெரியவில்லை என்று புலம்பிக்கொண்டு வீட்டில் உட்காருவோம். எங்கள் கம்பெனியில் சிஎன்சி வந்தபோது இரண்டு வகை ஆட்களும் இருந்தார்கள் என்று சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஆன்டனி தன் நடையிலேயே இருந்தார். 1979-ல், 1980-ல் பெரிதாகச் சொல்ல எதுவும் இல்லை, ஆனாலும் வருடத்துக்கு ஒரு பட்டமாவது கிடைத்துக்கொண்டு இருந்தது. 1981-ல் மறுபடி தேசிய சாம்பியன். 1982-ல் மறுபடி. 1983-லும் மறுபடி. அதே மூன்று வருடமும் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர். எழுபதுகளில் முப்பத்தைந்து வயதில் செய்ததை அப்படியே நாற்பத்தைந்து வயது வரை இரண்டாவது முறை செய்து காட்டினார். அதே மூன்று, அதே வரிசை. அந்தக் காலத்தில் பந்துகளும் மாறிக்கொண்டிருந்தன, 1981-ல்தான் யுரேதேன் பந்து கடைக்கு வந்தது. தடம் மாறியது, பந்து மாறியது, எதிராளி மாறினார், இருதயம் ஒரு முறை நின்று பார்த்தது. கை மாறவில்லை.

1982 தேசிய சாம்பியன் போட்டி டொலீடோவில் நடந்தது. நம் பெரியவர் பெருமைப்பட்டாரே, அது இதுதான். அந்த வெற்றியோடு ஆன்டனியின் மொத்தப் பரிசுப் பணம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பௌலிங்கில் அதுவரை யாரும் தொடாத எல்லை. அவர் முதல் பட்டம் எடுத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. வேறு ஆட்டங்களில் இந்தப் பணத்தை ஒரே சீசனில் வாங்குகிறவர்கள் அப்போதே வர ஆரம்பித்துவிட்டார்கள். பௌலிங்கில் இதற்கு ஆயிரக்கணக்கான பந்துகள் உருட்ட வேண்டியிருந்தது. முப்பது பட்டம் தொட்ட முதல் ஆளும், நாற்பது தொட்ட முதல் ஆளும் அவரே.

பிறகு கலிபோர்னியாவில் டப்ளின் என்ற ஊரில் சொந்தமாக ஒரு பௌலிங் கூடம் நடத்தினார். டிவியில் வர்ணனை செய்தார். விலகினார், திரும்பி வந்தார். 1991-ல் மூட்டு வாதம் காரணமாக முழுவதுமாக ஒதுங்கினார். 2001 ஆகஸ்ட் 14 அன்று விஸ்கான்சின் மாநிலத்தில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது மாடிப்படியில் விழுந்து இறந்துபோனார். 63 வயது. அவ்வளவு வருடம் ஒரு அடி கூடப் பிசகாமல் நடந்த மனிதர். இதைப் படித்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

அவர் கணக்கில் 41 பட்டம் என்று பல வருடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1977-லும் 1984-லும் அவர் ஜெயித்த மாஸ்டர்ஸ் போட்டியை வேறு அமைப்பு நடத்தியதால் அதைச் சேர்க்கவில்லை. அவர் இறந்த பிறகுதான் அந்த இரண்டையும் சேர்த்து 43 ஆக்கினார்கள். சிலருக்கு அரியர் ரிசல்ட் இப்படித்தான் தாமதமாக வருகிறது. மொத்தப் பட்டங்களில் 2006-ல் வால்டர் ரே வில்லியம்ஸ் அவரைத் தாண்டிவிட்டார். பெரிய பட்டங்களில் ஆன்டனிக்கு பத்து. அதை 2019-ல் ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மோன்டே தாண்டினார், அதுவும் இரண்டு கையால் எறிகிற பாணியில். ஆமாம் தம்பிகளே, மாலில் நாம் செய்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துத்தான், ஆனால் அவர் எறிந்தால் கால்வாய்க்குப் போகாது. இத்தனைக்கும் நடுவில் தொழில்முறை சங்கத்தின் ஐம்பதாவது சீசனில், 2009-ல், ஐம்பது ஆண்டுகளின் தலைசிறந்த ஐம்பது ஆட்டக்காரர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஆன்டனியைத் தாண்டிய வில்லியம்ஸுக்கு இரண்டாம் இடம். முதல் இடம் ஆன்டனிக்கு.

அந்தத் தீர்ப்பு சரியா என்று டொலீடோ பெரியவரிடம் கேட்டேன். அவர் வலது கைக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடது பக்கம் எண்ணெய் நன்றாக இருந்தது என்பதை மட்டும் எழுதிக்கொள்" என்றார். எழுதிக்கொண்டேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

செயலாளர் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கேள்வி இருக்கிறவர்கள் வெளியே வேப்ப மரத்தடியில் வந்து கேளுங்கள். தடத்தின் படம் ஒன்று வரைந்து கொண்டுவந்திருக்கிறேன், கணக்கையும் அங்கேயே போட்டுக் காட்டுகிறேன்.